பின்வரிசையில் ஒரு பந்தல்காரர்

மாநாட்டுக்கு வருகிறவர்களில் மிக மோசமான பார்வையாளர்கள், மாநாடும் கல்யாணமும் நடத்திப் பிழைக்கிறவர்கள்தான். மேடையில் ஒருவர் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருப்பார். இவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரும்புச் சட்டத்துக்கு எத்தனை அடிக்கு ஒரு கால் கொடுத்திருக்கிறது, எல்இடி திரைக்கு லைன் எந்தப் பக்கமிருந்து இழுத்திருக்கிறார்கள், நாற்காலி உறை சொந்தமா வாடகையா, மத்தியானச் சாப்பாட்டுக்கு இலைக்கு என்ன பேசியிருப்பார்கள், எல்லாம் மனக்கணக்கு. கைதட்டல் எழும்போதுதான் கண் கீழே இறங்கும்.

சென்ற ஆண்டு சென்னையில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. பந்தல், மேடை அலங்காரம், ஒலி ஒளி, சமையல், மண்டபம் என்று பிறர் வீட்டு விசேஷங்களை நம்பித் தொழில் செய்கிறவர்கள் ஒரே கூரையின்கீழ் கூடினார்கள். ஆரணிப் பந்தல்காரர் ஒருவர் கிளம்பினார். தனியாகப் போக அவருக்குக் கூச்சம். அங்கே எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசுவார்கள் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள். துணைக்கு நான் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வேலையில்லாதவன் கண்ணில் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

காலை முழுக்க வெற்றிக் கதைகள். 2022 சதுரங்க ஒலிம்பியாட் பற்றிய பேச்சு வராமல் இருக்குமா? மாஸ்கோவில் நடக்கவேண்டிய போட்டி; உக்ரைன் போரினால் இடம் மாறியது. சென்னைக்கு என்று முடிவானது மார்ச் நடுவில். ஜூலை 28ஆம் தேதி நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா. இடையில் நான்கு மாதத்துச் சொச்சம். அதற்குள் மாமல்லபுரத்தில் ஆட்டக்கூடம் எழும்பியது, நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசப்பட்டது, போட்டியின் சின்னமான வேட்டி கட்டிய குதிரைத் 'தம்பி' தெருவெல்லாம் நின்றான். பெருமைப்பட வேண்டியதுதான், பட்டோம். ஆனால் வெற்றிக் கதையில் ஒரு சங்கடம் உண்டு. எந்த ராத்திரி கைகால் உதறியது, எந்த லாரி வராமல் போனது, யாரிடம் கெஞ்சினார்கள் என்பதையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுத்தான் அது மேடைக்கு வருகிறது. தொழில்காரனுக்கு வேண்டியதோ வழித்தெடுத்ததுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு தீப் பாதுகாப்பு பற்றி ஓர் அமர்வு. அரங்கில் பாதி காலி. வெளியே, மணமக்கள் நடந்து வரும்போது குளிர்ந்த தீப்பொறி கக்கும் இயந்திரத்தை ஒரு கடையில் ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்கள், கூட்டம் அங்கே. நம் பந்தல்காரர் மட்டும் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பேசியவர் ஸ்ரீரங்கத்தைச் சொன்னார். 2004 ஜனவரி 23, ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மாப்பிள்ளையும் அதில் ஒருவர். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள், அங்கேயும் கீற்றுதான்.

"அதுக்கப்புறந்தான் சார் கீத்து போச்சு. துணி வந்துச்சு, ஷீட்டு வந்துச்சு," என்றார் பந்தல்காரர் என் காதருகில். கொஞ்ச நேரம் கழித்து, "துணியும் எரியும். கீத்துன்னா சாம்பலாக் கொட்டும். இந்த பாலியெஸ்டர் உருகி மேலயே ஒழுவும்," என்றார். மேடையில் இருந்தவர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்த சங்கதி அதேதான்.

பிறகு அவர் எழுந்துபோய் அரங்கின் இடது பக்கச் சுவரோரம் நின்றார். திரும்பி வந்து சிரித்தார். அவசர வழி என்று பச்சை விளக்கு எரிந்த கதவை மறைத்து, நன்கொடையாளர்களின் பெயர் அச்சடித்த பெரிய பேனர் கட்டியிருக்கிறது. தீப் பாதுகாப்பு அமர்வு நடக்கிற அரங்கில்! அதைக் கட்டியவனைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"நானும் இப்படித்தான் சார் கட்டுவேன். அந்தச் சுவரு காலியா இருக்குதேன்னு தோணும். கட்டறப்போ ஏணி மேல இருந்து பாக்கறோம். இங்க உக்காந்து பாத்தாத்தான் தெரியுது, நெருப்புன்னா எந்தப் பக்கம் ஓடறதுன்னு. நாம போட்ட பந்தல்ல நாம என்னிக்கு சார் உக்காந்திருக்கோம்?"

அந்தக் கூட்டத்தில் நான் கேட்ட ஒரே உருப்படியான பேச்சு அது. பந்தல்காரர் விசேஷத்துக்கு முதல் நாள் வருகிறார். ராத்திரியெல்லாம் கட்டுகிறார். விருந்தாளிகள் வாசலில் பன்னீர் வாங்கும் நேரத்துக்கு அவருடைய ஆட்கள் லாரியில் தூங்குகிறார்கள், அல்லது அடுத்த ஊர்ப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். மறுபடியும் வருவது பிரிப்பதற்கு. வெயில் எந்த நேரத்தில் எந்த வரிசை மேல் விழுகிறது, கடைசி வரிசைக் கிழவிக்குத் தாலி கட்டுவது தெரிகிறதா, கைக்குழந்தைக்காரி பால் கொடுக்க எங்கே ஒதுங்குகிறாள், இதெல்லாம் நடக்கும்போது அவர் அங்கே இல்லை. ஒலிபெருக்கிக்காரர் இருக்கிறார், ஆனால் பெட்டிக்குப் பின்னால். சமையல் மாஸ்டர் இருக்கிறார், ஆனால் அடுப்படியில். தொழில் மாநாடு இவர்களுக்குச் செய்யக்கூடிய ஒரே பெரிய உபகாரம், ஒரு நாள் முழுக்க விருந்தாளியாக உட்காரவைப்பது. அதைத்தான் இவர்கள் கூரையைப் பார்த்தே கழித்துவிடுகிறார்கள்.

ஆரணிக்காரருக்கு இது தைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஊரே அப்படிப்பட்ட ஊர். தமிழ்நாட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு முக்கியமான பொருள்களை அனுப்பிவைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. ஒன்று பட்டு, மற்றது அரிசி. ஆரணியிலும் ரயில் நிலையம் இருக்கும் களம்பூரிலும் அரைத்த அரிசி எந்தெந்த ஊர்ப் பந்தியிலோ பரிமாறப்படுகிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இருந்தும் இங்கே நெய்த சேலைகள் காஞ்சிபுரத்துக் கடைகளுக்கும் போகின்றன, அங்கிருந்து யார் யார் கழுத்தின்கீழோ போகின்றன. நெய்தவர் அந்தச் சேலையை மணவறையில் பார்ப்பதில்லை. உடுத்தினால் மடிப்பு எப்படி நிற்கிறது, வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் ஜரிகை எப்படிக் கண்ணைக் கூசவைக்கிறது, மூன்று மணி நேரம் ஹோமப் புகையில் உட்கார்ந்த பெண்ணுக்கு அதன் கனம் எப்படி இருக்கிறது என்றெல்லாம் அவரிடம் யாரும் வந்து சொன்னதில்லை.

அவரையும் விழாவுக்குக் கூப்பிடத்தான் செய்கிறார்கள். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள் என்று 2015இல் தொடங்கியபோது முதல் விழாவே சென்னையில்தான், சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் விருது, கண்காட்சி. கண்காட்சி என்றால் ஒரு மூலையில் தறி போட்டு ஒரு நெசவாளரை உட்காரவைப்பது வழக்கம். வருகிறவர்கள் நின்று படமெடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். அந்த வளாகத்தில் இஷ்டப்படி சுற்றிவர முடியாத ஒரே ஆள் அவர்தான். அடுத்த கடையில் போச்சம்பள்ளிக்காரர் என்ன விலை சொல்கிறார் என்று கேட்டுவர அவருக்கும் ஆசையிருக்கும். எழுந்தால் தறி காலியாகத் தெரியும்.

சுற்றிவர முடிந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. 1964 ஜனவரியில் தில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் 26ஆவது உலக மாநாடு. உலகத்து மொழிநூல் அறிஞர்கள் பலர் வந்திருந்தார்கள். சமஸ்கிருதத்துக்கும் பாரசீகத்துக்கும் சீனத்துக்கும் நடுவில் தமிழில் ஈடுபாடுள்ளவர்கள் ஆங்காங்கே சிதறி உட்கார்ந்திருந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தனிநாயகம் அடிகளும் திருவனந்தபுரத்திலிருந்து வந்த வ.அய். சுப்பிரமணியமும் அவர்களைப் பொறுக்கியெடுத்துத் தனியே ஓர் அறையில் கூட்டினார்கள். ஜனவரி 7ஆம் தேதி உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பாரிஸின் ழான் ஃபில்லியொசா தலைவர்; பிராகின் கமில் சுவெலபில் அடிகளோடு சேர்ந்து செயலாளர். இரண்டே வருடத்தில், 1966 ஏப்ரலில், கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம். மெரினாவில் வரிசையாக நிற்கும் அறிஞர் சிலைகள் 1968 மாநாட்டை ஒட்டி வந்தவை.

இவ்வளவும் யாரோ நடத்திய மாநாட்டின் ஓரத்தில் முளைத்தது. தில்லிக்காரர்களின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு இடம் இருந்திருக்காது. நல்ல வேளையாக ஓர் அறை காலியாக இருந்தது, பேச நேரமும் இருந்தது. மாநாடு நடத்துகிறவர்கள் திட்டமிட வேண்டியது அந்தக் காலி அறையை. நம்மவர்கள் காலியாக எதையும் விடுவதில்லை. ஐந்து நிமிடம் மிச்சமிருந்தால் ஒரு பொன்னாடை போர்த்திவிடுவார்கள்.

அமெரிக்காவில் ஹாரிசன் ஓவன் என்று ஒருவர் 1983இல் ஒரு மாநாட்டுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் மாங்குமாங்கென்று உழைத்தார். முடிந்த பிறகு வந்தவர்களிடம் விசாரித்தால், எல்லாருக்கும் பிடித்தது காபி இடைவேளை. அவருக்குமே அதுதான் பிடித்திருந்தது. 1985இல் ஒரு கூட்டத்தை நிரலே இல்லாமல் நடத்தினார்: நாற்காலிகளை வட்டமாகப் போடுவது, பேச விரும்புகிறவர் தலைப்பை எழுதிச் சுவரில் ஒட்டுவது, பிடித்த இடத்துக்கு நடந்து போவது. 'ஓப்பன் ஸ்பேஸ்' என்று அந்த முறை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. எனக்கு அதில் அரை மனதுதான். காபி இடைவேளை ருசிப்பதற்குக் காரணமே அதற்கு முன்னால் ஒருவர் அறுத்ததுதான். அவரை வைத்துத்தானே பேச்சு தொடங்குகிறது. தவிர, நம் ஊரில் நாற்காலியை வட்டமாகப் போட்டால் குரல் பெரிதாக உள்ளவர் உட்கார்ந்த இடம் மேடையாகிவிடும். வரிசையாவது கடைசி வரிசைக்காரனுக்கு எழுந்து போகும் சுதந்திரம் தருகிறது.

மாலையில் கூட்ட நிர்வாகம் பற்றிப் பேசினார்கள். 2024 அக்டோபர் 6 மெரினா விமான சாகசம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, கடற்கரையில் உச்சி வெயில், லட்சக்கணக்கில் ஜனம். ஐந்து பேர் இறந்தார்கள். பேசியவர் தடுப்புக் கட்டைகள், கேமராக்கள், ஆம்புலன்ஸ் வழி என்று சொல்லிக்கொண்டு போனார். எல்லாம் வேண்டியவைதான். பந்தல்காரர் திருவண்ணாமலையை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மாவட்டத்துக்காரர்களான எங்களுக்குப் பெருங்கூட்டம் என்றால் அதுதான் அளவுகோல்.

கார்த்திகை தீபத்தன்று அங்கே சேரும் கூட்டமும் லட்சக்கணக்கில்தான். மாதாமாதம் பௌர்ணமிக்கும் கூட்டம். அங்கேயும் மூச்சுத் திணறல் உண்டு, தொலைந்துபோகும் குழந்தைகள் உண்டு, எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. கோயில் வாசலில் தீப நேரத்து நெரிசலை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் வட்டம். அதில் முன்வரிசை என்று ஒன்று கிடையாது. எங்கிருந்து பார்த்தாலும் மலை தெரிகிறது. தொடங்கும் நேரம் அவரவர் இஷ்டம், முடிக்கும் நேரம் அவரவர் கால். கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வழியெல்லாம் சத்திரமும் குளமும் கோயில் திண்ணையும் தண்ணீர்ப் பந்தலும் இருக்கின்றன. மெரினாவில் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து, ஒரே நேரத்தில் வந்து, ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மண்டபத்துப் பந்தியிலும் இதேதான் நடக்கிறது: முகூர்த்தம் முடிந்த நொடியில் முந்நூறு பேர் சாப்பாட்டுக் கூடத்தின் ஒற்றைக் கதவுக்கு ஓடுகிறார்கள், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"நான் கிரிவலத்துல மோர்ப் பந்தல் போட்டிருக்கேன் சார். ரெண்டு பக்கமும் தொறந்து உட்டுருவோம். ஒரு பக்கம் வாங்கினு மறுபக்கம் போயிடுவாங்க. கல்யாணத்துக்கு மட்டும் ஏன் மூணு பக்கம் அடைக்கிறோம்?" என்றார். ஏன் என்று அவருக்கே தெரியும். மூன்று பக்கம் அடைத்தால்தான் ஃபோட்டோவில் பின்னணி சுத்தமாக வரும்.

திரும்பும் பேருந்தில் அவர் மடியில் ஒரு பை நிறைய விளம்பரத் தாள்களும் விசிட்டிங் கார்டுகளும். எடுத்து எடுத்துப் பார்த்தார். சூரத்திலிருந்து துணிக்காரர், கோயம்புத்தூரிலிருந்து ஜெனரேட்டர்காரர். பட்டுக்காரர்கள் யாரும் வந்திருக்கவில்லை என்று நான் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பட்டுக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை?

வேலை இருக்கிறது. 2020இல் ஊரடங்கு வந்து, கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்றானபோது பந்தல் லாரியும் தறியும் ஒரே சமயத்தில் நின்றன. மண்டபம் பூட்டிக் கிடந்தது, சமையல் மாஸ்டர் காய்கறி வண்டி தள்ளினார். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழை, வாங்கிவைத்த நெசவாளர் குடும்பங்கள் அதை ஏற்ற முடியாமல் வைத்துக்கொண்டு விழித்தன. இவையெல்லாம் ஒரே தொழில் என்பதை அந்த வருடம் காட்டிவிட்டது. நல்ல காலம் திரும்பியதும் அவரவர் வழியில் போய்விட்டார்கள்.

ஒரு கல்யாணத்தின் கால வரிசையைப் பாருங்கள். நிச்சயம் ஆனதும் முதலில் மண்டபம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம் முன்னாலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பட்டு எடுக்கப் போவது கடைசி ஒன்றிரண்டு மாதத்தில். ஆனால் பட்டுதான் முதலில் தொடங்கப்பட வேண்டிய வேலை. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வரவேண்டும், முறுக்கேற்ற வேண்டும், சாயம் தோய்க்க வேண்டும், விடியற்காலையில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும்போது அண்டை வீட்டாரும் கைகொடுத்துப் பாவு நீட்ட வேண்டும், மழைக்காலமானால் அதுவும் தள்ளிப்போகும், பிறகு பழைய பாவோடு இழைக்கு இழை பிணைத்துத் தறியில் ஏற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் நெசவே. ஒரு பாவில் மூன்று சேலை என்பது பொதுவான கணக்கு. ஆகவே கடைப் பெட்டியில் பெண் வீட்டார் கைவைக்கும் சேலை, அந்தக் கல்யாணம் பேசி முடியும் முன்பே தொடங்கியதாக இருக்கலாம். எத்தனை கல்யாணம் வரப்போகிறது, எந்த மாதம் அதிகம் என்று நெசவாளருக்குச் செய்தி வருவது முதலாளி வழியாக மட்டும். முதலாளிக்குக் கடைக்காரர் வழியாக. கடைக்காரருக்குப் போன வருடத்துக் கணக்கு வழியாக. நிஜமான கணக்கு மண்டப மேனேஜரின் மேசை இழுப்பறையில், நீள நோட்டில், பேனாவால் எழுதி இருக்கிறது. மண்டபமும் தறியும் ஒரே ஊரில் இருக்கின்றன. அந்த நோட்டுக்கும் தறிக்கும் நடுவே இரண்டு மூன்று தெருதான்.

சென்னை வரை போகவேண்டாம், ஆரணியிலேயே ஒரு நாள் எல்லாரையும் உட்காரவைத்தால் என்ன என்று கேட்டேன். மண்டபக்காரர்கள், பந்தல்காரர்கள், நெசவாளர்கள், அரிசி ஆலைக்காரர்கள். பொன்னாடை இல்லாமல், மேடை இல்லாமல், மத்தியானத்துக்கு நல்ல சாப்பாடு. மண்டபக்காரர் வரப்போகும் ஆறு மாதத்துக்கு எத்தனை முகூர்த்தம் பதிவாகியிருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

பந்தல்காரர் யோசித்தார். சாப்பாட்டுக்குச் சாமியானா தானே போடுவதாகவும் வாடகை வேண்டாம் என்றும் சொன்னார். நான்கு பக்கமும் திறந்துவிடுவாராம். பிறகு தலையை ஆட்டினார்.

"நோட்டுதான் கஷ்டம் சார். அவரு காட்ட மாட்டாரு. பக்கத்து மண்டபத்துக்காரன் அனுப்பிச்ச ஆளுன்னு நம்மளயே சந்தேகப்படுவாரு. மொதல்ல அந்த ரெண்டு மண்டபத்துக்காரங்களையும் ஒரே பந்தியில உக்கார வைங்க, அப்புறம் தறிக்காரங்களக் கூப்பிடலாம்."